மோட்டருக்கு முக்காடு

“…அதனால வாந்தி எடுக்கிற பிள்ளையக் குத்தம் சொல்லாதீங்க கொழுந்தனாரே. மொதல்ல ஒங்க காரோட வாயத் தொறந்து மோந்து பாருங்க.”

சொன்னது என் மதினி, அண்ணன் மனைவி. அண்ணனுக்குக் கொழும்பில் ஒரு இரும்புக்கடையில் வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நேரில் வருவார், மற்ற நாள்களில் போனில் வருவார். மதினிக்கு எங்கள் தோட்டத்து ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்றால் சாமான் அடுக்கி வைக்கிற இடம் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். தேயிலைக் கொழுந்தை வாட்டி, அரைத்து, தூளாக்குகிற ஃபேக்டரியைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். அங்கே ரோலர் அறையில் மதினி இருபது வருஷத்துக்கு மேலாக நிற்கிறார். என்னைவிட இரண்டு வயது இளையவர், முறையில் மூத்தவர். கொழுந்தனார் என்று மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு, அந்த மரியாதைக்குள்ளேயே வைத்துக் கேலி செய்வார். பதிலுக்குக் கேலி செய்ய எனக்கும் உரிமை உண்டு. பதில் வாய்க்கிற நாள்தான் குறைவு.

குற்றம் சொன்னது நான்தான். பிள்ளைக்கு வருவது பயத்து வாந்தி, காருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

பிள்ளை என்றது அண்ணன் மகளை. உயர்தரப் பரீட்சை. நிலையம் நுவரெலியாவில். எங்கள் தோட்டம் கந்தப்பளையிலிருந்து உடப்புசல்லாவைப் பக்கம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. காலையில் தோட்டத்துக்குள் வருகிற முதல் பஸ்ஸைப் பிடித்தால், கேட்டைப் பூட்டிய பிறகு போய்ச் சேரலாம். ஆகவே சித்தப்பாவின் கார்தான் என்று எப்போதோ பேசி முடித்த விஷயம். ஆனால் பள்ளிக்கூடத்தில் வைத்த முன்னோட்டப் பரீட்சைக்கு அதே காரில் கூட்டிப்போன அன்று, வளைவுக்கு வளைவு நிறுத்தி மூன்று தடவை வாந்தி எடுத்தாள். மண்டபத்தில் முதல் அரைமணி நேரம் மேசையில் தலையைச் சாய்த்துக் கிடந்தாளாம். பாதித் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். எங்கள் லயத்தில், ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கிற இந்த வீடுகளில், இதுவரை ஒருவரும் அந்தப் பரீட்சையைத் தாண்டிப் படிக்கப் போகவில்லை. இவள் போவாள் என்று ஆசிரியர்கள் சொல்லியிருந்தார்கள்.

திங்கட்கிழமை பரீட்சை. மதினி இப்படிச் சொன்னது வெள்ளிக்கிழமை மாலை, ஸ்டோர் விட்டு வந்த கையோடு, என் வீட்டு வாசலில் நின்று. பிள்ளை பக்கத்தில் நின்றிருந்தாள்.

“நான் நடந்தே போயிர்றேன் சித்தப்பா” என்றாள்.

கோபத்தில் சொல்லவில்லை. எத்தனை மணிக்குக் கிளம்பினால் போய்ச் சேரலாம் என்று மனசுக்குள் கூட்டிப் பார்த்துவிட்டுச் சொன்ன குரல் அது. அதுதான் எனக்குச் சுருக்கென்றது.

என் கார் ஹயர் ஓடுகிற, அதாவது வாடகைக்குப் போகிற, வயதான கார். ஜப்பானில் யாரோ ஓட்டி, கொழும்பில் யாரோ ஓட்டி, கண்டியில் யாரோ ஓட்டி, கடைசியில் என்னிடம் வந்தது. மேட்டில் ஏறும்போது எண்ணெய் கருகுகிற வாடை உள்ளே வரும். எனக்கு அது பழகிவிட்டது. கிளினிக்குக்கு வருகிற கர்ப்பிணிகள் முந்தானையால் மூக்கைப் பொத்துவார்கள், குளிர் என்று நினைத்துக்கொள்வேன். அந்த வாடைக்காகக் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவது. எங்கள் குளிரில் கண்ணாடி இறக்கி ஓட்டினால் போய்ச் சேரும்போது காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாடை எங்கிருந்து வருகிறது என்று நான் ஏன் பார்க்கவில்லை என்றால், எஞ்சினைத் திறந்தாலே எனக்கு ஒரு ஞாபகம் வந்துவிடும்.

போன ஆயுத பூஜைக்குக் காரை ஜோடித்தேன். மேலே கழுவி, உள்ளே கூட்டி, எஞ்சினும் பளபளவென்று இருக்கட்டும் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டுக்காரன் ஒருவன் பொனட்டைத் திறந்துவிட்டுத் துப்பாக்கி மாதிரி ஒரு குழாயால் அடிக்கிறான், அழுக்கு ஓடுகிறது. நம்மிடம் துப்பாக்கி இல்லையே தவிர, அதற்கு அப்பன் இருக்கிறது. மலை உச்சி ஊற்றிலிருந்து மரக்கறித் தோட்டத்துக்கு இறங்குகிற குழாய். அத்தனை உயரத்திலிருந்து வருகிற தண்ணீர், வாயைப் பெருவிரலால் அடைத்தால் லீக்ஸ் பாத்தியில் குழி தோண்டும். அதைப் பிடித்து எஞ்சினுக்குள் அடித்தேன். ஈரத்தில் பளபளத்தது. சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். கற்பூரம் காட்டி முடித்து, ஏறி சாவியைத் திருப்பினால், கார் இருமியது. இருமிவிட்டு அமைதியானது. பூஜை போட்ட வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் நிற்கக் கூடாதே. மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டே எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? கடைசியில் லயத்து ஆண்கள் எல்லோரும் சேர்ந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். பழம் நசுங்கியது, நானும்தான். மூன்று நாள் கழித்துத்தான் கார் எழுந்தது. திங்கட்கிழமை காயப்போட்ட துணியை வியாழக்கிழமை தொட்டுப் பார்க்கிற ஊர் இது, எஞ்சின் எப்படிக் காயும்? அன்று முதல் ஆயுத பூஜைக்கே எங்கள் லயத்தில் தள்ளு பூஜை என்று பேர் விழுந்துவிட்டது.

அதனால் வெள்ளிக்கிழமை மதினியிடம் கெஞ்சினேன். ஓடுகிற வண்டியைத் தொடக் கூடாது, பரீட்சை முடியட்டும், அப்புறம் கழுவிக்கொள்ளலாம் என்றேன். தொட்டு, அது நின்றுவிட்டால் பிள்ளை எதில் போவாள்?

மதினி யோசித்தார். அவர் யோசிக்கிறபோது உதட்டை உள்ளே மடித்துக்கொள்வார்.

“நிக்கிற காரும் வேணாம், நாறுற காரும் வேணாம்” என்றார். “நாளைக்கு எனக்கு அரை நாள்தான். பத்து மணிக்கு வர்றேன். அதுக்குள்ள ஊருக்கெல்லாம் ஹயர் ஓடி காரச் சூடாக்கி வைக்காதீங்க.”

சனிக்கிழமை நான் விடியற்காலையிலேயே கந்தப்பளைக்கு ஒரு ஹயர் போய்விட்டு ஒன்பதரைக்குத்தான் வந்தேன். சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மதினி வந்ததும் புறங்கையை பொனட்டில் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி. பிறகு பொனட்டைத் திறந்து கம்பி கொடுத்து நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் போய் என் மனைவியிடம் தேத்தண்ணி வாங்கிக் குடித்தார். சூடாக இருந்தால் எண்ணெய் நன்றாக இளகும், இப்போதே ஆரம்பித்தால் என்ன என்று கேட்டேன். சூட்டுச் சட்டியில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் சட்டிக்கும் நல்லதில்லை, ஊற்றுகிற கைக்கும் நல்லதில்லை என்று பதில் வந்தது. தேத்தண்ணி அரைமணி நேரம் நீண்டது. மறுபடி புறங்கை வைத்துப் பார்த்த பிறகுதான் சேலையை இழுத்துச் செருகினார்.

அவர் கொண்டுவந்திருந்த சாமான்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ் இரண்டு. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற பிரஷ் ஒன்று. கிழிந்த பருத்தித் துணி ஒரு கட்டு. பாத்திரம் கழுவுகிற சோப்பு கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீர் ஒரு வாளியில், நல்ல தண்ணீர் ஒரு சின்னச் சட்டியில். அப்புறம் சிலிசிலி பேக் ஒரு கற்றை. கடைகளில் சாமான் போட்டுக் கொடுக்கிற, தொட்டால் சிலிசிலுவென்று சத்தம் போடுகிற மெல்லிய பை. சிங்களத்தில் அதற்கு அந்தப் பேர், எங்களுக்கும் அதே பேர்தான்.

அடுத்த லயத்து மச்சான் அதற்குள் வந்து கானுக் கட்டில் உட்கார்ந்துகொண்டான். கானு என்றால் லயத்துக்கு முன்னால் ஓடுகிற வாய்க்கால். தள்ளு பூஜையில் பின்பக்கம் தள்ளியவன் அவன்.

“ஆள் இப்பவே கூப்பிட்டு வைக்கவா மச்சான், இல்ல மழை வரட்டுமா?” என்றான்.

“ஒங்களத்தான் மொதல்ல கூப்பிடுவோம். அது வரைக்கும் தெம்ப வச்சுக்கங்க” என்றார் மதினி, திரும்பிப் பார்க்காமல்.

பெட்ரோலில் துணியை நனைத்துத் துடைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு உடனே போய்விடும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நான் போத்தலைக் கொண்டுவந்தேன். மதினி அதை வாங்கி, மூடியை இறுக்கி, தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். எங்கள் ஸ்டோரில் வாசலில் பீடி பிடித்தாலே வெளியே அனுப்பிவிடுவார்கள், இதில் பெட்ரோலால் குளிப்பாட்டவா என்று முணுமுணுத்தார். பிறகு என்னிடம் பெட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். அது தானாகச் சாய்ந்து மறுபடி ஒட்டிக்கொள்ளாதபடி ஒரு துணியைச் சுற்றி ஓரமாகக் கட்டினார். ஸ்டோரில் மெயினை இறக்கிவிட்டு அதில் ஒரு அட்டையைத் தொங்கவிடுவார்களாம், ஆள் உள்ளே நிற்கிறது என்று. என் காருக்கு அட்டை இல்லாததால் சாவியை என்னிடமிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

அப்புறம் முக்காடு போடுகிற வேலை. இதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ரோலர் அறையில் ஒவ்வொரு நாளும் கடைசிக் கொழுந்து அரைத்து முடிந்ததும் மேசைகளைக் கழுவ வேண்டும். கொழுந்துச் சாறு ஒட்டிப் புளித்தால் அடுத்த நாள் தூளே கெட்டுவிடும். கழுவத் தண்ணீர் வேண்டும். ஆனால் மேசைக்குப் பக்கத்திலேயே மோட்டர். அதனால் பெண்கள் மோட்டருக்கும் சுவிட்ச்சுக்கும் முதலில் பொலித்தீன் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் வாளியைத் தொடுவார்கள். மோட்டருக்கு முக்காடு போட்டாச்சா என்று ஒருத்தி கேட்பாள், போட்டாச்சு என்று எல்லோரும் சொல்ல வேண்டும். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள் காதையும் மூக்கையும் எப்படிக் காப்பாளோ அப்படி என்று மதினி எனக்கு விளக்கினார்.

“தண்ணிக்கு வழி காட்ட வேணாம் கொழுந்தனாரே. அதுவே விசாரிச்சுக்கிட்டுப் போயிரும்.”

டைனமோவுக்கு ஒரு பை. ஃபியூஸ் பெட்டிக்கு ஒன்று. எயார் கிளீனர் காற்று இழுக்கிற வாய்க்கு ஒன்று. ப்ளக்குக்குப் போகிற வயர்கள் கிளம்புகிற மூடிக்கு ஒன்று, அந்த வயர்கள் இறங்குகிற குழிகளுக்கு இரண்டு, பெட்டரிக்கு ஒன்று. இது எது, இது என்ன செய்யும் என்று ஒவ்வொன்றாய் என்னைக் கேட்டுக் கேட்டுத்தான் கட்டினார். காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததை வெட்கப்படாமல் கேட்கிற தைரியம் மட்டும் இருந்தது. எல்லாம் தெரிந்த நான்தான் மலைக்குழாயை உள்ளே விட்டவன். பழைய டியூபை வெட்டிய ரப்பர் வளையங்களால் ஏழு பைகளையும் இறுக்கிவிட்டு, சத்தமாக “ஏழு” என்றார். என்னையும் சொல்லச் சொன்னார். ஏழு என்றேன். மச்சானும் கானுக் கட்டிலிருந்து ஏழு என்றான், அது கிண்டல்.

தண்ணீர் தொடுவதற்கு முன் காய்ந்த குப்பையை எடுத்தோம். முன்கண்ணாடிக்குக் கீழே, டர்பன்டைன் என்று நாங்கள் சொல்கிற யூகலிப்டஸ் மரத்து இலை ஒரு கூடை இருக்கும். அதற்கும் கீழே, நெருப்பாய்க் கொதிக்கிற புகைக்குழாய்க்கு ஒரு சாண் தள்ளி, எலி ஒன்று வீடு கட்டியிருந்தது. பஞ்சு, போஞ்சி விதை, பேப்பர்த் துண்டு, நான் தொலைத்துவிட்டதாக மனைவியிடம் திட்டு வாங்கிய கம்பளித் தொப்பியின் பாதி. மச்சான் தொப்பியை அடையாளம் கண்டு சிரித்தான். மதினி சிரிக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு புகைக்குழாயைப் பார்த்தார், பின்சீட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எத்தனை தரம் எத்தனை பேரை ஏற்றிக்கொண்டு இந்தப் பஞ்சோடு மேடு ஏறியிருக்கிறேன்?

அதற்குப் பிறகு கேட்டதை எடுத்துக் கொடுக்கிற வேலைக்கு இறங்கினேன்.

மதினி கழுவியதைக் கழுவியது என்றே சொல்லக் கூடாது. பிரஷ்ஷை சோப்புத் தண்ணீரில் முக்கி, வாளி ஓரத்தில் தட்டி உதறி, அப்புறம்தான் வைப்பார். ஒரு கை அகலம் தேய்ப்பது, துணியால் துடைப்பது, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மறுபடி துடைப்பது. அப்புறம் அடுத்த கை அகலம். கீழே காருக்கு அடியில் மரத்தூள் பரப்பச் சொன்னார். சொட்டுகிற கறுப்புத் தண்ணீரை அது குடித்துக்கொள்ளும். கானில் விட்டால் என்ன, மழை வந்தால் ஓடிவிடுமே என்றேன். அது ஓடிப்போய் நிற்கிற இடம் பீலி, மலைத்தண்ணீர் விழுகிற குழாயடி, அங்கே தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் குளிக்கிறார்கள், போய் அவர்களிடமே கேட்டுவிட்டு வாருங்கள் என்றார். கேட்கப் போகவில்லை. எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.

அவர் கை போன வேகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவசரமே இல்லை, நிற்கவும் இல்லை. பதறாத காரியம் சிதறாது என்று ஆயிரம் பேர் வாயால் கேட்டிருக்கிறேன். கையால் சொல்லிப் பார்த்தது அன்றுதான். பிசுக்குக்கு அடியில் இருந்து எஞ்சினுடைய நிறம் வந்தது. இவ்வளவு நாளாய்க் கறுப்பு என்று நினைத்திருந்தது வெள்ளி நிறம். என் வீட்டுக்குள் உட்கார்ந்து பிள்ளை புவியியலை உரத்து மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். நடுவில் குரல் நின்றால் மதினி பிரஷ்ஷை நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். குரல் மறுபடி கேட்டதும் பிரஷ் நகரும்.

பன்னிரண்டு மணிக்கு முக்காடுகளை அவிழ்த்தோம். பைகளை அலசித் துணிக்கொடியில் மாட்டினார். நல்ல வேளை, அன்று மூடுபனி விலகி இரண்டு மணி நேரம் வெயில் இருந்தது. பொனட்டைத் திறந்தபடி காரை வெயிலுக்குத் திருப்பித் தள்ளி வைத்தோம். மச்சானும் தள்ளினான். கணக்கில் எழுதிக்கொள்ளச் சொன்னான். கை போகாத மூலைகளில் இருந்த ஈரத்தை மதினி, தோட்டத்து இளைஞர்கள் பந்துக்குக் காற்றடிக்கிற பம்பை வாங்கிவரச் சொல்லி, புஸ் புஸ்ஸென்று ஊதி வெளியேற்றினார். ப்ளக் குழிகளுக்குள்ளும் ஊதினார். துணியைத் திரித்து விட்டுப் பார்த்தார், துணி காய்ந்தே வந்தது. இரண்டு மணிக்கு நான் பெட்டரி வயரைப் பூட்டிவிட்டு சாவிக்குக் கை நீட்டினேன்.

மதினி துணிக்கொடிக்குப் போய் பைகளை எடுத்தார். எண்ணினார். மறுபடி எண்ணினார்.

ஆறு.

காற்றில் பறந்திருக்கும் என்றேன். மரத்தூளைக் கிளறினார், காருக்கடியில் குனிந்தார், கானில் பார்த்தார். எஞ்சினுக்குள் ஒவ்வொரு இடமாய், கட்டிய வரிசையிலேயே, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எயார் கிளீனர் வாயைக் கழற்றிப் பார்க்கச் சொன்னார். அதற்குள் பை போயிருந்தால், ஸ்டார்ட் பண்ணிய உடனே எஞ்சின் அதை உறிஞ்சித் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். கழற்றினேன், ஒன்றும் இல்லை. மேலே வெயில் மங்கத் தொடங்கிவிட்டது. எனக்குப் பொறுமை போனது. ஒரு பைதானே மதினி, ஏழையும் கொடியில் மாட்டியதை நான் கண்ணால் பார்த்தேன், விடுங்கள் என்றேன்.

“நானுந்தான் பாத்தேன். பாத்தது கணக்கு இல்ல, கையில இருக்கிறதுதான் கணக்கு.” முந்தானை முடிச்சைக் கையால் மூடிக்கொண்டார். “ஸ்டோர்ல ஒரு துணித்துண்டு கொறைஞ்சாலும் ரோலரத் திருப்ப மாட்டோம். அது வெறும் தேயிலை. இதுல எம்புள்ள போவுது.”

மச்சான் கேலியை விட்டுவிட்டு எழுந்துவந்து அவனும் தேடினான். அரைமணி நேரம் இருக்கும். ஒரு சிலிசிலி பைக்காக மூன்று பெரிய ஆள்கள் குனிந்துகொண்டு திரிந்தோம். வீட்டுக்குள் புவியியல் நின்றிருந்ததை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

பிள்ளை வாசலுக்கு வந்தாள். கையில் பரீட்சை அனுமதி அட்டை வைக்கிற கண்ணாடிக் கவர். அதற்குள் அட்டைக்குப் பின்னால், நாலாக மடித்த பை.

“நான்தான் எடுத்தேன்மா. திங்கக்கெழமைக்கு” என்றாள்.

வாந்தி வந்தால் பிடிக்க ஒரு பை. அம்மா காலையிலிருந்து முதுகு நிமிராமல் செய்கிற வேலையை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தும், அவளுக்கு என் காரை நம்ப முடியவில்லை. அதில் என்ன தப்பு? நானே நம்பவில்லையே. மதினி திட்டுவார் என்று நினைத்தேன். அவர் போய் அந்தப் பையை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து, ஈரத்தை முந்தானையில் துடைத்து, அதே மாதிரி நாலாக மடித்துக் கவருக்குள் வைத்துக் கொடுத்தார்.

பிறகு என்னிடம் வந்து முடிச்சை அவிழ்த்து சாவியைத் தந்தார்.

“ஆறு இங்க இருக்கு. ஏழாவது பை பிள்ளைகிட்ட இருக்கு. இப்பத் திருப்புங்க.”

திருப்பினேன். ஒரு தடவைகூட இருமவில்லை. சரி, எனக்கு இங்கே வேலை இல்லை என்று மச்சான் கிளம்பிப் போனான்.

ஆனால் எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று இன்னும் தெரியவில்லையே. சுத்தமான உடம்பில்தான் காயம் தெரியும் என்று சொல்லிவிட்டு மதினி உள்ளே போய் என் மனைவியின் முகப் பவுடர் டப்பாவை எடுத்துவந்தார். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். மேல் மூடியைச் சுற்றிப் பவுடரை லேசாக ஊதிவிட்டார், கல்யாண வீட்டில் பெண்ணுக்குப் பூசுகிற மாதிரி. மறுபடி ஓடவிட்டு, பெல்ட்டுப் பக்கம் முந்தானை போகாமல் கட்டிக்கொண்டு, தள்ளி நின்றே பார்த்தோம். பத்து நிமிஷத்தில் பின்பக்க மூலையில் வெள்ளைப் பவுடரில் ஒரு மயிரிழை கறுத்தது. இழை கோடானது. கோடு இறங்கி நேரே புகைக்குழாயின் மேல் சொட்டியது. உடனே வந்தது அந்த வாடை. இத்தனை நாளாக நான் தேடாமல் இருந்த இடத்தை, மூக்குக்குப் பூசுகிற பவுடர் விரல் நீட்டிக் காட்டியது.

அந்த மூடிக்கு டெப்பெட் கவர் என்று பேர். அதைக் கழற்றினால், அடியில் இருக்கிற ரப்பர் வளையம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் கந்தப்பளைக்குப் பார்ட்ஸ் கடை நானாவிடம் போனேன், முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பழைய ரப்பரைக் கவுன்டரில் வைத்ததும் அது இரண்டாக ஒடிந்தது. நானா அதைப் பார்த்துவிட்டு, “வண்டிக்கு வாய் இல்ல தம்பி, அதான் எண்ணெயா அழுதிருக்கு. நீங்க கண்ணாடிய இறக்கிட்டு ஓட்டிருக்கீங்க” என்றார். என் வாழ்க்கையைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை. வந்து புது ரப்பரைப் போட்டேன். மதினி மறுபடி பவுடர் ஊதினார். உடப்புசல்லாவை ரோட்டில் மேடாகப் பார்த்து ஏற்றி இறக்கிக்கொண்டு வந்து திறந்தோம். பவுடர் போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது.

திங்கட்கிழமை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பனி விளக்கு வெளிச்சத்தைத் திருப்பி நம் முகத்திலேயே அடிக்கிற காலை. பிள்ளை முன்சீட்டில், மதினி பின்னால். பிள்ளை ஏறியதுமே பழக்கத்தில் கண்ணாடியை இறக்கினாள். இறக்க வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. மதினியும் சொல்லவில்லை. குளிர் மூன்று பேருக்கும் பங்கு வைத்து வந்தது. கவரை மடியில் வைத்து, மேலே இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

நான் வழக்கமாக வாய் ஓயாமல் பேசிக்கொண்டு ஓட்டுகிறவன். அன்று வளைவுகளை எண்ணிக்கொண்டு ஓட்டினேன். முதல் வளைவு, அங்கேதான் முதல் தடவை நிறுத்தியது. பிரேக்கில் கால் வைத்து அவளைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடந்தோம். கந்தப்பளைக் கடைகள் பூட்டிக் கிடந்தன, ஒரு பேக்கரியில் மட்டும் வெளிச்சம், பாண் வாசம் உள்ளே வந்தது. எண்ணெய் வாடை இருந்தால் பாண் வாசம் தெரிந்திருக்காது என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது வளைவில் அவள் கை கவரின் மேல் இறுகியது. பின்னால் மதினி முன்னுக்குச் சாய்ந்து பிள்ளையின் சீட்டைப் பிடித்துக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது. வளைவு முடிந்து ரோடு நேரானதும் பிள்ளை மெதுவாக, மலைகளின் வகைகள் என்று ஏதோ சொல்லத் தொடங்கினாள். கடைசி வளைவைக் கடக்கும்போது ஆறுகளுக்கு வந்திருந்தாள்.

பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே ஏழுக்கெல்லாம் நின்றோம். இறங்கினாள். முகத்தில் நிறம் இருந்தது, மூக்கு நுனி மட்டும் குளிரில் சிவந்திருந்தது. கவரிலிருந்து அனுமதி அட்டையை எடுத்துக்கொண்டாள். பையை வெளியே உருவி ஜன்னல் வழியே நீட்டினாள்.

“இந்தாங்கம்மா. வேணாம்.”

திரும்பிப் பார்க்காமல் மற்றப் பிள்ளைகளோடு உள்ளே போனாள். நாங்கள் அந்த ரெட்டைச் சடை சுவரைத் தாண்டி மறையும் வரை பார்த்தோம். மதினியிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. ஊர் வாயிலெல்லாம் கேட்டுச் சேர்த்து வைத்த சொலவடை அத்தனை இருந்தும் ஒன்றும் பொருந்தி வரவில்லை. கடைசியில், “மதினி, ஒங்க கைக்கு மோதிரம் போடணும்” என்றேன். நன்றாகச் சொல்லிவிட்டதாக நினைத்தேன்.

அவர் அதற்குள் பின்கதவைத் திறந்து இறங்கி, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். டாஷ் பெட்டியைத் திறந்து, அங்கே மடித்து வைத்திருந்த ஆறு பைகளின் மேல் ஏழாவதை வைத்து, விரலால் ஒவ்வொன்றாய்த் தொட்டு எண்ணி, பெட்டியை மூடினார். பிறகு கைப்பிடியைச் சுழற்றி, கண்ணாடியை மேலே கடைசி வரைக்கும் ஏற்றினார்.